வேலம்பாசிக்குப் புல்கெண்டை விடலாமா?

வணக்கம். குறிஞ்சிப்பாடி பக்கம் எங்களுக்கு அரை ஏக்கர் குளம் இருக்கிறது. கட்லாவும் ரோகுவும் வளர்க்கிறோம். வேலம்பாசி அடியிலிருந்து மேல்மட்டம் வரை மண்டிவிட்டதால் வலை இழுக்கவே முடியவில்லை. ஆள்விட்டுப் பறித்தாலும், அறுந்த துண்டெல்லாம் மறுபடி முளைக்கிறது. மருந்தடிக்கச் சொல்கிறார்கள். மாடு குடிக்கிற தண்ணீரில் அதற்கு எனக்கு மனமில்லை.

அதனால் புல்கெண்டை விட நினைக்கிறேன். ஆகாயத்தாமரையை அது பெரிதாகச் சீண்டாது, வேலம்பாசியை விரும்பித் தின்னும் என்பது தெரியும். குளத்தில் தானாகக் குஞ்சு பொரிக்காது என்பதும் ஒரு நிம்மதி. ஆனால் குளத்தில் விரால் நிறைய. விரல் நீளக் குஞ்சை விட்டால் விராலுக்குத்தான் விருந்து! எந்த அளவுக் குஞ்சு வாங்கினால் தப்பும்? இந்த அரை ஏக்கருக்கு எத்தனை போதும்? அதிகம் விட்டால் பாசி தீர்ந்ததும் பட்டினி கிடக்குமே. அப்போது நேப்பியர் புல் வெட்டிப் போட்டால் தின்னுமா?

இன்னொன்று: ஐப்பசி மழையில் குளம் வழிந்தால் மீன் வாய்க்காலேறிப் பெருமாள் ஏரிக்குப் போய்விடக்கூடும். வடிகாலில் என்ன கண்ணளவு வலை கட்டுகிறீர்கள்? கடலூர், பாகூர் பக்கம் சற்றுப் பெரிய குஞ்சு கிடைக்கும் பண்ணை தெரிந்தாலும் சொல்லுங்கள். வளர்த்துப் பார்த்தவர்களின் பதிலே வேண்டும்.