வாடகைக் காரில் ஆட்ப்ளூ எச்சரிக்கை அணையவில்லை: உதவி தேவை

பிரான்சின் லுவார் பள்ளத்தாக்குக் கோட்டைகளைச் சுற்றிவரும் எங்கள் வாடகை டீசல் காரில் (2021 மாடல்), வெள்ளிக்கிழமை ஷாம்போரிலிருந்து புறப்பட்டபோது, ஆட்ப்ளூ (டீசல் எஞ்சின் புகையைச் சுத்தப்படுத்தும் திரவம்) தீர்வதால் 400 கிலோமீட்டருக்குப் பின் எஞ்சின் கிளம்பாது என்ற எச்சரிக்கை வந்தது. டீசல் மூடிக்குப் பக்கத்திலுள்ள நீல மூடியைத் திறந்து 5 லிட்டர் ஊற்றினேன். சிந்திய துளிகள் வெள்ளை உப்பாகப் பூத்ததுதான் மிச்சம். எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பிவைத்துப் பத்து நிமிடம் காத்திருந்தேன். சமதளத்தில் ஓர் இரவு முழுக்க நிறுத்தியும் பார்த்தேன்.

அந்தக் கிலோமீட்டர் எண் குறைந்துகொண்டே வந்து, ஷெர் ஆற்றின்மேல் பாலம்போல் நிற்கும் ஷெனோன்சோ கோட்டையின் வாகன நிறுத்தத்தில் இப்போது 310 காட்டுகிறது. ஞாயிறு என்பதால் பட்டறைகள் திறக்கவில்லை. வாடகை நிறுவனத்தார் தொலைபேசியை எடுக்கவில்லை. நாளை ஷினோன் பார்த்துவிட்டுப் பாரிசில் காரை ஒப்படைக்க ஏறத்தாழ 370 கிலோமீட்டர் ஓட்டியாக வேண்டும்.

இன்னும் 5 லிட்டர் ஊற்றினால் இந்த எச்சரிக்கை நீங்குமா, அல்லது டூர் நகரப் பட்டறையில் கணினி வைத்துத்தான் அழிக்க வேண்டுமா?