கலைச்சொல்: 'இருமுனை மின்வழங்கி' சரியா?

> டூயல் சப்ளைக்கு 'இருமுனை மின்வழங்கி' என்றும் வர்ச்சுவல் கிரவுண்டுக்கு 'மெய்நிகர் தரை' என்றும் வைத்துக்கொள்ளலாமா?

வணக்கம் ஐயா,

இரண்டிலுமே எனக்குத் தயக்கம் உண்டு. டார்ச் பேட்டரிக்கும் முனை இரண்டுதான். நாம் பேசும் மின்வழங்கியிலோ +6, 0, −6 வோல்ட் என மூன்று முனைகள் வெளியே வருகின்றன. 'நேரெதிர் மின்வழங்கி' என்று சொல்லிப் பாருங்கள். நேர்மின், எதிர்மின் எல்லாம் பள்ளியிலேயே பழகிய சொற்கள். பூச்சியத்துக்கு இருபுறமும் எதிரெதிராக நிற்பவை என்ற பொருளும் அதிலேயே வந்துவிடுகிறது.

தரை, அதாவது சர்க்யூட்டில் பூச்சிய வோல்ட் என்று எடுத்துக்கொள்ளும் புள்ளி, இன்னும் சிக்கல். 12 வோல்ட் அடாப்டரின் குறுக்கே 10 கிலோ ஓம் மின்தடை இரண்டைத் தொடராகப் போட்டால் நடுவில் 6 வோல்ட் கிடைக்கும். அந்த நடுப்புள்ளியைப் பூச்சியம் என்று வைத்துக்கொண்டால் மேலே +6, கீழே −6. சரி, ஆனால் அங்கிருந்து 1 மில்லியாம்பியர் இழுத்தாலே அது 5 வோல்ட் நகர்ந்துவிடும். அந்தப் புள்ளிக்கு இரண்டு மின்தடைகளும் பக்க இணைப்பில் 5 கிலோ ஓமாகத்தான் தெரியும். அதனால்தான் ஓர் ஆப்-ஆம்ப்பை (மின்னழுத்தத்தைப் பெருக்கும் ஐசி) பஃபராக, அதாவது மின்னழுத்தம் நகராமல் மின்னோட்டம் தரும் இடைநிலையாக வைக்கிறோம், அல்லது இதற்கென்றே உள்ள டிஎல்இ2426 ஐசியைப் போடுகிறோம். அது 20 மில்லியாம்பியர் வரை தரவும் செய்யும், வாங்கவும் செய்யும். ஆக, இது மின்னோட்டம் உண்மையாகவே வந்துபோகும் இடம்.

தலைகீழ்ப் பெருக்கியாக இணைத்த ஆப்-ஆம்ப்பின் எதிர் உள்ளீட்டையும் வர்ச்சுவல் கிரவுண்ட் என்றே சொல்கிறார்கள். அங்கே தரையின் மின்னழுத்தம் மட்டும்தான் உண்டு, உள்ளீடு மின்னோட்டத்தை வாங்காது. மாய பிம்பம் போல அதற்கு 'மாயத் தரை' பொருந்தும். நம்முடைய நடுப்புள்ளிக்கு 'இடைத்தரை' என்று வைப்போம். ஆங்கிலத்தில் ஒரே பெயர் என்பதற்காகத் தமிழிலும் இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம்.

'இடை' என்பதைச் சுருக்கத்துக்காகக்கூட விட்டுவிடாதீர்கள். அதே அடாப்டரில் ஓடும் இன்னொரு கருவியின் தரை பெரும்பாலும் அடாப்டரின் எதிர்முனையாக இருக்கும். அதையும் இடைத்தரையையும் சேர்த்தால் கீழ்ப்பாதி ஷார்ட். ஆடியோ கேபிளின் உறை வழியாகவே இது நடந்துவிடும். வெறும் 'தரை' என்று படித்துவிட்டு வயரை இணைக்கும் மாணவருக்கு ஐசி போய்விடும்.

ஐசிஎல்7660 என்ற சார்ஜ் பம்ப் ஐசியைப் போடும் வழியில் இடைத்தரையே கிடையாது. அது மின்தேக்கியை ஏற்றி, தலைகீழாக மாற்றி எதிர் மின்னழுத்தத்தை உருவாக்குகிறது; பூச்சியம் மூலத்தின் எதிர்முனையிலேயே இருக்கிறது. அதையும் 'நேரெதிர் மின்வழங்கி' என்றே சொல்லலாம். இந்த சார்ஜ் பம்ப்புக்கு மட்டும் இன்னும் பெயர் வேண்டும், 'மின்னூட்ட ஏற்றி' என்றால் பேட்டரி சார்ஜரோடு குழம்புமோ?