ஆர்மோனியம் சரிசெய்பவர் தேவை – ஏற்காடு, சேலம்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். ஏற்காட்டில் இருக்கிறோம். பிப்ரவரியில் பக்கவாதம் வந்து அம்மாவின் பேச்சு நின்றுபோனது. கர்த்தர் நல்லவர்; ஐந்தே மாதத்தில் சொல் சொல்லாகத் திரும்பத் தந்தார். போன வாரம் 103-ஆம் சங்கீதத்தை, உதடு ஒரு பக்கம் கோணினாலும், கடைசி வசனம் வரை சொல்லி முடித்தார். கேட்டுக்கொண்டே அழுதுவிட்டேன்.

வருகிற 30-ஆம் தேதி வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம். அப்பா வாசித்த ஆர்மோனியத்தோடுதான் பாட வேண்டும் என்பது அம்மாவின் ஒரே ஆசை.

கைத்துருத்தி, 42 கட்டைகள், இரட்டை ரீட் (காற்றில் அதிர்ந்து ஒலி தரும் பித்தளை நாக்கு). மூன்று மழைக்காலமாகத் திறக்கவே இல்லை. மலை ஈரத்தில் ஐந்து கட்டைகள் ஊமையாகிவிட்டன. இரண்டு, அழுத்தாமலே ஒலிக்கின்றன. துருத்தி மடிப்பிலும் காற்று கசிகிறது. வெயிலில் வைத்தேன். ரீட்டுகளை மெல்லிய தூரிகையால் துடைத்தேன். பித்தளை நாக்குகளில் பச்சைக் களிம்பு. சுரண்டினால் சுருதி கெட்டுவிடும் என்று அதற்குமேல் கைவைக்கவில்லை. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிப்போய்ச் சேலத்தில் இரண்டு கடைகளில் காட்டினேன். புதிது வாங்கச் சொல்கிறார்கள். அதில் அப்பாவின் விரல் பட்டிருக்காதே.

பழைய ஆர்மோனியத்தை 30-ஆம் தேதிக்குள் சரிசெய்து தரக்கூடியவர் சேலம் பக்கம் யார் இருக்கிறார்?