புதுப்பிப்பு: எம்ஆர்2 காரில் வி6 எஞ்சினுக்கு மவுண்ட் தேர்வு

இரண்டாம் தலைமுறை டொயோட்டா எம்ஆர்2 காரில் 3.5 லிட்டர் 2ஜிஆர்-எஃப்இ வி6 எஞ்சினைப் பொருத்தும்போது, எஞ்சினை வண்டியின் உடலோடு பிணைத்து அதிர்வை உள்வாங்கும் பழைய ரப்பர் மவுண்டுகள் போதுமா, நான்கையும் பாலியூரித்தேனாக (ரப்பரைவிட விறைப்பான செயற்கைப் பொருள்) மாற்ற வேண்டுமா என்று முந்தைய பதிவில் கேட்டிருந்தேன். நான்கையும் மாற்றத் தேவையில்லை.

எஞ்சின் குறுக்குவாட்டில் அமர்ந்து, டிஃபரன்ஷியலும் (விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) கியர்பாக்ஸுக்குள்ளேயே இருப்பதால், சக்கரங்களுக்குப் போகும் முறுக்குவிசையின் எதிர்விசை முழுவதையும் மவுண்டுகளே தாங்குகின்றன. முதல் கியரில் அது எஞ்சின் தருவதைப் போல் சுமார் 13 மடங்கு. அந்தச் சுழற்சியை முக்கியமாகத் தடுப்பவை முன், பின் மவுண்டுகள். பக்கவாட்டு மவுண்டுகள் பெரும்பாலும் எடையைச் சுமப்பவை. ஆகவே முன்னும் பின்னும் ஷோர் ஏ என்ற கடினத்தன்மை அளவுகோலில் 75 கடினமுள்ள பாலியூரித்தேனைப் போட்டு, பக்கவாட்டில் புதிய ரப்பரையே வைத்தேன்.

கழற்றிய முன் மவுண்டில், ரப்பர் நடு உலோகக் குழலை விட்டு விரல்நகம் நுழையும் அளவுக்குப் பிரிந்திருந்தது. கியர் மாற்றும்போது கேட்ட ‘டொக்’ சத்தம் இப்போது அறவே இல்லை. ஏசி போட்டு ஐட்லிங்கில் நிற்கும்போது மட்டும், பின்னால் நிற்கும் வண்டியின் எண்பலகையைக் கண்ணாடியில் படிக்க முடியாதபடி அதிர்கிறது. அதை மனமார ஏற்கிறேன்.

மவுண்ட் போல்ட்டுகளை, எஞ்சினின் முழு எடையும் இறங்கி அமர்ந்த பிறகே இறுதியாக இறுக்குங்கள். முன்கூட்டியே இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று விரைவில் கிழியும்.