மறுமெருகும் மறுவார்ப்பும்: ‘ரீமாஸ்டர்’ என்பதற்கான கலைச்சொல் குறித்து

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

பழைய வீடியோ ஆட்டங்களைப் படமும் ஒலியும் மேம்படுத்தி மீண்டும் வெளியிடும் ‘ரீமாஸ்டர்’ என்பதற்கு இணையாக ‘மறுமெருகு’ என்ற சொல்லைச் சென்ற மடலில் முன்வைத்திருந்தேன். அதற்கு மறுமொழி எழுதியவர்களில் ஒருவர் ‘புதுப்பிப்பு’ போதுமே என்றார். இன்னொருவர் ‘மறுபதிப்பு’ இருக்கும்போது வேறு சொல் எதற்கு என்று கேட்டார். மூன்றாமவர், ‘ரீமாஸ்டர்’ எங்கே முடிந்து ‘ரீமேக்’ (அதே ஆட்டத்தைப் புதிதாகச் செய்வது) எங்கே தொடங்குகிறது என்பதைத் தீர்மானிக்காமல் சொல்லாக்கத்தில் இறங்குவது சுவரில்லாமல் சித்திரம் எழுதுவதாகும் என்றார். மூன்றாமவர் சொன்னது சரி. அந்த எல்லைக்கோட்டை ஆட்டத்தின் நிரலை (கணினிக்கு எழுதும் கட்டளைத் தொகுதியை) வைத்துப் போடலாம் என்று நான் எழுதியிருந்தேன். பழைய நிரல் அடியில் அப்படியே இருந்தால் ரீமாஸ்டர், நிரலைப் புதிதாக எழுதினால் ரீமேக் என்பது என் வரையறை. அது தவறு என்று இப்போது உணர்கிறேன். ஏன் தவறு, அதற்குப் பதிலாக எதை அளவுகோலாகக் கொள்ளலாம் என்பதைச் தாவித் தாவிக் கடக்கிற ‘பிளாட்ஃபார்ம்’ வகைப் பழைய ஆட்டங்கள் சிலவற்றை வைத்து விளக்க முயல்கிறேன்.

முதலிரண்டு பரிந்துரைகளுக்கும் சுருக்கமாக விடை சொல்லிவிடலாம். ‘புதுப்பிப்பு’ என்பதைக் கைப்பேசியிலும் கணினியிலும் ‘அப்டேட்’ என்பதற்கு நாம் நிலைநிறுத்திவிட்டோம். அதே சொல்லை இங்கேயும் இழுத்தால், “இந்த ஆட்டத்தின் புதுப்பிப்பு வந்துவிட்டது” என்ற வாக்கியத்துக்கு இரண்டு பொருள் வரும். ‘மறுபதிப்பு’ அச்சுலகத்தின் சொல்; எழுத்து மாறாமல் மீண்டும் அச்சிடுவதையே அது குறிக்கிறது. பழைய ஆட்டத்தை எந்த மாற்றமும் இல்லாமல் புதிய கருவியில் ஓடவைத்து விற்கிறார்களே, அதற்கு அது மிகவும் பொருந்தும். ஆகவே அதை அதற்கென்றே வைத்துக்கொள்வோம்.

இனி மறுமெருகு. இச்சொல்லை நான் பொற்கொல்லர் பட்டறையிலிருந்து எடுத்தேன். பழைய நகையைக் கொண்டுபோகிற வீட்டாரிடம் ஆசாரி முதலில் கேட்பது, “மெருகு போட்டால் போதுமா, அழித்துப் பண்ண வேண்டுமா?” என்பதுதான். மெருகு போட்டால் அழுக்கு நீங்கி, பொன் பளபளக்கும். வளையலின் சுற்றளவு, கொக்கி, அதைப் போடும்போது கை அறிகிற இறுக்கம் எல்லாம் பழையபடியே இருக்கும். அழித்துப் பண்ணினால் அப்படியன்று. பொன்னை உருக்கி, அதே வடிவத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்தாலும், சேதாரம் போகும். கண்ணுக்கு அதே வளையலாகத் தோன்றுவது மணிக்கட்டில் ஏறும்போது சற்று வேறாக இருக்கும். என் பாட்டியின் வளையல் ஒன்றை அப்படி அழித்துச் செய்தபோது, விளக்கு வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “அழகாத்தான் இருக்கு” என்று சொன்ன பாட்டி, அதைக் கையில் போட்டதும் பேச்சை நிறுத்திக்கொண்டார். கண் ஏற்றுக்கொண்டதைக் கை ஏற்றுக்கொள்ளாத அந்த இடம்தான் நாம் தேடுகிற கோடு என்பது என் கருத்து.

‘கிராஷ் பாண்டிகூட்’ ஆட்டத்தின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. நாட்டி டாக் நிறுவனம் 1996, 1997, 1998 ஆகிய ஆண்டுகளில் பிளேஸ்டேஷன் என்ற ஆட்டக் கருவிக்காக இதன் முதல் மூன்று பாகங்களை உருவாக்கியது. இரண்டு மெகாபைட் நினைவகம் மட்டுமே இருந்த கருவியில், ஏறத்தாழ 512 பலகோணங்களை (முப்பரிமாண உருவைக் கட்டும் சிறு தளத்துண்டுகளை) கொண்டு கிராஷ் என்ற அந்த நாயகனை வடித்திருந்தார்கள். இம்மூன்றையும் சேர்த்து விகேரியஸ் விஷன்ஸ் நிறுவனம் புதிதாகச் செய்து, ஆக்டிவிஷன் வெளியிட்ட ‘என். சேன் டிரிலஜி’ என்ற தொகுப்பு 2017 ஜூன் 30 அன்று பிளேஸ்டேஷன் 4 கருவிக்கு வந்தது. அடுத்த ஆண்டு மற்றக் கருவிகளுக்கும் வந்தது. பழைய ஆட்டப்பொறியின் (ஆட்டத்தை இயக்கும் அடிப்படை மென்பொருளின்) நிரல், புதிதாகச் செய்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆட்டக் கட்டங்களின் (லெவல்களின்) பழைய வடிவக் கூடுகள் கிடைத்தன. அவற்றை அடித்தளமாகக் கொண்டு, மேலே எல்லாவற்றையும் புதிதாக எழுப்பினார்கள். தாங்கள் செய்ததை ‘ரீமாஸ்டர் பிளஸ்’ என்று அவர்களே குறிப்பிட்டார்கள். பெயரிடுவதில் செய்தவர்களுக்கே தயக்கம் இருந்தது என்பதை அந்தப் ‘பிளஸ்’ சொல்கிறது.

வெளிவந்த சில நாட்களிலேயே ஆட்டக்காரர்களின் கருத்து இரண்டாகப் பிரிந்தது. படத்தைப் பற்றி எவருக்கும் மனக்குறை இல்லை. நாயகனின் உரோமமும் முகபாவமும் காட்டின் ஈரமும் நினைவில் இருந்ததை விடச் செழிப்பாக வந்திருந்தன. குறை முழுவதும் தாவலைப் பற்றியே எழுந்தது. முதல் பாகத்தில் தொங்குபாலத்தின் மேல் நடக்கிற ‘தி ஹை ரோடு’ என்ற கட்டத்தை ஆடியவர்களுக்கு அதை விவரிக்க வேண்டியதில்லை. பலகைகளுக்கு இடையே வெற்றிடம். சில பலகைகள் கால் வைத்ததும் உடையும். ஆமையின் முதுகில் குதித்து எழும்பித்தான் சில இடைவெளிகளைக் கடக்க முடியும். பலகையின் கடைசி விளிம்பு வரை ஓடிச்சென்று தாவினால்தான் அடுத்த பலகை எட்டும். பழைய ஆட்டத்தில் நாயகனைச் சுற்றியிருந்த மோதல் எல்லை (அவன் எதையாவது தொட்டானா என்று ஆட்டம் கணக்கிடுகிற, கண்ணுக்குத் தெரியாத உருவம்), அடி தட்டையான பெட்டி வடிவில் இருந்தது. புதிய ஆட்டத்தில் அது மாத்திரைக் குளிகையைப் போல அடி உருண்டையாக இருக்கிறது என்பதை ஆட்டக்காரர்கள் சோதித்துக் கண்டறிந்தார்கள். திண்ணை ஓரத்தில் நெல் அளக்கும் படியை வைத்தால், அடியில் ஒரு பங்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் நிற்கும். குடத்தை வைத்தால் உருண்டு விழும். பழைய கிராஷ் படி, புதிய கிராஷ் குடம். விளிம்பில் கால் பட்டும், அது நிற்காமல் வழுக்கிக் கீழே போகிறது. தாவலின் உயரம் பழைய அளவிலேயே இருக்க, மேலே எழுந்தபின் கீழே இறங்கும் வேகம் கூடியிருந்ததையும் அவர்கள் கவனித்துச் சொன்னார்கள்.

அதே ஆண்டு ஜூலையில் ஆக்டிவிஷன் இதற்கு வெளிப்படையாக விளக்கம் தந்தது. மூன்றாம் பாகமான ‘வார்ப்டு’ ஆட்டத்தின் இயக்க முறையைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டு, அதையே மூன்று பாகங்களுக்கும் பொருத்தியதாகவும், அதனால் முதல் பாகத்தில் தாவுவதற்குக் கூடுதல் துல்லியம் தேவைப்படுகிறது என்றும் ஒப்புக்கொண்டது. நேர்மையான விளக்கம்தான். ஆனால் முதல் பாகத்தின் இடைவெளிகள் முதல் பாகத்தின் தாவலுக்காக அளந்து வைக்கப்பட்டவை. அளவெடுத்துத் தைத்த சட்டையை வேறொருவருக்கு மாட்டினால் தோள்பட்டை பிடிக்கத்தானே செய்யும்!

அந்த விவாதத்தை வாசித்தபோது என்னை வருத்தியது, ‘கடினம்’ என்ற ஒரே சொல்லின் கீழ் இரண்டு வேறு முறையீடுகள் கலந்துபோனதுதான். பழைய ஆட்டத்தை ஆடியறியாதவர் “கடினம்” என்றால், 1996-இன் ஆட்டமே அவருக்குக் கடினம் என்று பொருள். பழைய ஆட்டத்தில் பழகியவர் “கடினம்” என்றால், தன் கட்டைவிரல் அறிந்திருந்தது செல்லாமல் போயிற்று என்று பொருள். முன்னவருக்கு, “அந்தக் காலத்து ஆட்டங்கள் அப்படித்தான்” என்பது சரியான விடை. பின்னவருக்கு அதையே விடையாகச் சொன்னது அநீதி. “உனக்கு வயதாகிவிட்டது, நினைவு உன்னை ஏமாற்றுகிறது” என்று அவர்களிடம் பலர் சொன்னார்கள். நினைவு ஏமாற்றவில்லை, தாவல் மாறியிருந்தது. ‘ரீமாஸ்டர்’ என்ற பெயர் மாறாத ஆட்டத்தை உறுதியளித்ததால்தான், மாறியதைச் சொன்னவர்கள் பொய்யர்களாகத் தெரிந்தார்கள். சரியான பெயர் இருந்திருந்தால் அந்த விவாதத்தின் பாதி எழுந்தே இராது. கலைச்சொல் என்பது அகராதியை நிரப்பும் வேலை என்று எண்ணுகிறவர்களுக்கு இதை நான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன்.

இதுவரை சொன்னது என் பழைய வரையறைக்கும் ஒத்தே வருகிறது. நிரல் புதிது, ஆகவே ரீமேக். அந்த வரையறையை உடைத்தது, அதே 2017-இல் வெளிவந்த ‘வொண்டர் பாய்: தி டிராகன்ஸ் டிராப்’. இதன் மூல ஆட்டம் 1989-இல் சேகா மாஸ்டர் சிஸ்டம் கருவிக்கு வந்தது. லிசார்டுகியூப் என்ற சிறிய பிரெஞ்சு நிறுவனம் பழைய ஆட்டத்தின் நிரலைப் பிரித்தாய்ந்து, அது நடந்துகொள்கிற முறையை வரிவரியாக அறிந்து, புதிய நிரலாக எழுதியது. மேலே போர்த்திய படங்கள் முழுவதும் புதிதாகக் கையால் வரைந்தவை. ஆட்டத்தின் நடுவில் ஒரு பொத்தானை அழுத்தினால் புதிய ஓவியம் மறைந்து சிறு சதுரப் புள்ளிகளாலான பழைய படம் வந்துவிடும். மீண்டும் அழுத்தினால் ஓவியம் திரும்பும். அந்தரத்தில் தாவிக்கொண்டிருக்கும்போதே மாற்றினாலும் தாவல் பிசகாது. விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கான பழைய ஆட்டத்தின் கடவுச்சொற்களைக் கூட அது ஏற்றுக்கொள்கிறது. இங்கே நிரல் புதிது, படம் புதிது, இசைப்பதிவு புதிது; ஆயினும் பழைய கை அதே கையாக இருக்கிறது. என் வரையறைப்படி இது ரீமேக். ஆடுகிறவர் அறிவின்படி இது மெருகு போட்ட பழைய நகை. ஆடுகிறவர் பக்கமே நான் நிற்கிறேன். நிரல் கண்ணுக்குத் தெரியாத ஒன்று; அதை அளவுகோலாக வைத்தால் நிறுவனத்தின் வாய்மொழியை நம்புவதைத் தவிர நமக்கு வேறு வழி இல்லை.

மாறாக, கைப்பழக்கத்தை அளவுகோலாக வைத்தால் யாரும் சோதித்துப் பார்க்கலாம். (‘மஸில் மெமரி’ என்பதற்குத் ‘தசை நினைவு’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். சித்திரமும் கைப்பழக்கம் என்று சொல்லி வளர்ந்த நமக்கு அந்தச் சொல் எதற்கு?) 1993-இல் வந்த ‘சூப்பர் மாரியோ ஆல்-ஸ்டார்ஸ்’ தொகுப்பில் முதல் மாரியோ ஆட்டத்தின் படமும் இசையும் மட்டும் செழித்தன என்றே பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் 1985-இன் ஆட்டத்தில் தலையால் செங்கல்லை உடைத்ததும் மாரியோ கீழ்நோக்கித் திரும்புவார். தொகுப்பில் உடைத்தபின்னும் மேல்நோக்கியே போவார். சின்னஞ்சிறு மாற்றம், ஆனால் பழகிய கை அதை உடனே பிடித்துவிடும். 2013-இன் ‘டக்டேல்ஸ்: ரீமாஸ்டர்டு’ தன் பெயரிலேயே அந்தச் சொல்லை ஏந்தியிருந்தாலும், முப்பரிமாணப் பின்னணியும் புதிய உரையாடல்களும் சேர்ந்த முழுப் புத்தாக்கம் அது. நாயகன் கைத்தடியால் துள்ளுவதற்குப் பழைய முறை வேண்டுமா, எளிய முறை வேண்டுமா என்று தெரிவு செய்துகொள்ளும் வசதியை மட்டும் அதில் வைத்திருந்தார்கள். கைப்பழக்கத்துக்கு மதிப்பளிக்கிற அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்தது.

ஆகவே என் திருத்திய முன்மொழிவு இது. படமும் ஒலியும் மேம்பட்டு, ஆட்டத்தின் நடத்தை பழைய கைப்பழக்கத்துக்கு அப்படியே ஈடுகொடுக்குமானால் அது மறுமெருகு. பழைய வடிவத்தைப் பார்த்துப் புதிதாகச் செய்ததால் கைப்பழக்கம் செல்லாமல் போகுமானால், நிறுவனம் எப்பெயரிட்டாலும், அது மறுவார்ப்பு. இதன்படி கிராஷ் தொகுப்பு மறுவார்ப்பு, வொண்டர் பாய் மறுமெருகு. மறுவார்ப்பு என்பது பழிச்சொல் அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். கிராஷ் தொகுப்பை நான் விரும்பி ஆடுகிறேன். முதல் பாகத்தில் மிகக் கடினம் என்று 1996-இல் மறைத்துவைக்கப்பட்ட ‘ஸ்டார்மி அசென்ட்’ கட்டத்தை அவர்கள் மீண்டும் செய்து தந்ததும் அருமையான பணியே.

சொல்லின் இலக்கணத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். ‘மெருகிடு’ என்ற வினை ஏற்கெனவே நம்மிடம் இருப்பதால், ‘மறுமெருகிட்ட ஆட்டம்’, ‘மறுமெருகிடும் பணி’, ‘மறுமெருகீடு’ என்றெல்லாம் தடையின்றி வருகின்றன. ‘மறு’ என்பதற்குக் களங்கம் என்ற பொருளும் உண்டே என்று ஓர் அம்மையார் தனிமடலில் கேட்டிருந்தார். மறுபதிப்பு, மறுசுழற்சி, மறுவாழ்வு ஆகியவற்றில் அந்தக் களங்கம் யார் காதிலும் விழவில்லை என்பதே என் விடை. இசைத்தட்டுகளுக்கும் இச்சொல் செல்லும். மூல ஒலிநாடாவிலிருந்து இரைச்சலை நீக்கி ஒலியைச் சீராக்குவது மறுமெருகு. பாடகரை மீண்டும் பாடவைத்தால் அது மறுவார்ப்பு.

இன்னும் எனக்குத் தீராத ஐயம் ஒன்று உண்டு. கைப்பழக்கம் பெருமளவு செல்லுபடியாகி, மாரியோவின் செங்கல்லைப் போல ஓரிரு இடங்களில் மட்டும் பிசகினால் அதை எந்தப் பக்கம் வைப்பது? மறுமெருகு என்று சொல்லி, பிசகிய இடத்தைத் தனியே குறிப்பிடலாம் என்று இப்போதைக்கு எண்ணுகிறேன். பழைய ஆட்டத்தையும் தொகுப்பையும் ஆடிப் பழகியவர்கள் இதைப் பற்றி எழுதினால் வரையறையை இறுதி செய்ய உதவும்.

அன்புடன்.