1965 ஃபோர்டு ஃபால்கன், 200 எஞ்சின்: கார்புரேட்டர் மாற்றியதிலிருந்து பிக்கப் இல்லை

கேள்வி:
வணக்கம். வாங்க நினைக்கும் 1965 ஃபால்கன், ஆறு சிலிண்டர், 200 கன அங்குலம். பழைய கார்புரேட்டரை எடுத்துவிட்டு, புது ஒற்றை பேரல் (ஒரே காற்றுத் துளை உள்ளது) போட்டிருக்கிறார்கள். ஐடிலில் சீராக ஓடுகிறது. மிதித்தால் திணறுகிறது, மேட்டில் இழுவையே இல்லை. ஜெட் (பெட்ரோல் வரும் துளை) பெரிதாக்கியும் பலனில்லை. இரண்டு பேரல் மாட்டினால் சரியாகுமா?

பதில் 1:
ஆகாது நண்பரே. இந்த எஞ்சினில் இன்டேக் மேனிஃபோல்டு ஹெட்டோடு சேர்த்தே வார்த்தது. அடாப்டர் வைத்து இரண்டு பேரல் மாட்டினாலும், கீழே இருக்கும் அந்த ஒற்றைத் துளைதான் அளவு.

எனக்குச் சந்தேகம் டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்துக் கொடுப்பது) மேல். அந்த வருட ஃபால்கனில் வந்தது லோட்-ஓ-மேட்டிக். உள்ளே சுழல் எடைகள் கிடையாது. அட்வான்ஸ், அதாவது தீப்பொறியை முன்கூட்டியே விடுவது, முழுக்க எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தால்தான். அதற்கேற்ற வெற்றிடத்தைக் கலந்து கொடுப்பது பழைய ஆட்டோலைட் 1100 கார்புரேட்டரின் பக்கவாட்டில் இருக்கும் ஸ்பார்க் கன்ட்ரோல் வால்வு. இரண்டும் ஜோடி. புது கார்புரேட்டரில் அந்த வால்வு இல்லை, அதனால் முழுதாக மிதிக்கும்போது வெற்றிடம் விழுந்து, அட்வான்ஸும் போய்விடுகிறது. ஜெட் மாற்றி என்ன பயன்?

உறுதி செய்ய: வெற்றிடக் குழாயைக் கழற்றி, கார்புரேட்டர் பக்கத் துளையை அடையுங்கள் (அடைக்காவிட்டால் காற்று கசிந்து குழப்பும்). டைமிங் லைட்டைப் பிடித்துக்கொண்டு 2,500 ஆர்பிஎம் வரை ஏற்றுங்கள். எஞ்சின் முன்னுள்ள டைமிங் குறி நகர்ந்தால் எடைகள் உண்டு. நகரவே இல்லையென்றால் லோட்-ஓ-மேட்டிக்.

கேட்டவர்:
பார்த்தேன் அண்ணா. கோடு ஒட்டி வைத்தது மாதிரி அதே இடத்தில் நிற்கிறது.

பதில் 1:
அப்படியானால் வழி இரண்டு. வால்வு உள்ள 1100-ஐத் திரும்பப் போடுவது (வால்வின் டயாஃப்ரம் கிழியாமல் இருக்கிறதா பாருங்கள்), அல்லது புது கார்புரேட்டரை வைத்துக்கொண்டு, எடையும் வெற்றிடமும் இரண்டுமுள்ள பிற்கால டிஸ்ட்ரிபியூட்டர் போடுவது. நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். குழாயை த்ராட்டில் தட்டுக்கு மேலுள்ள போர்ட்டில் மாட்டுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் வாங்குமுன், அது சுழற்றும் ஆயில் பம்ப் தண்டை அளந்துவிடுங்கள். பழைய எஞ்சின்களில் அறுகோணம் கால் அங்குலம், பிற்காலத்தில் 5/16. பொருந்தாததை வாங்கினால் உட்காராது. கழற்றுமுன் 1-ஆம் சிலிண்டரை கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் டாப்புக்குக் கொண்டுவந்து ரோட்டர் நிற்கும் திசையைக் குறியுங்கள். மெல்லத் திருகியபடி தூக்குங்கள். வெடுக்கென்று இழுத்தால் தண்டும் கூட வந்து சம்ப்பில் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) விழலாம். ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4. பாயின்ட் வகையானால் இடைவெளி 0.025 அங்குலம்.

பதில் 2:
பிக்கப் இருக்கட்டும், முதலில் பிரேக். 1965-இல் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று: ஒரு சக்கரத்தில் கசிந்தால் நான்கும் போச்சு. ஃபோர்டில் இரட்டைச் சுற்று வந்தது 1967-இல்; அந்த வகை மாஸ்டரைப் போட்டுப் புதுக் குழாய் வளைத்துவிடுங்கள். முன்னால் டிஸ்க் வைப்பதானால், அந்த அவுட்லெட்டில் ரெசிடுவல் வால்வு (டிரம் பிரேக்குக்காகக் குழாயில் சிறு அழுத்தத்தைத் தக்கவைப்பது) இருக்கக் கூடாது, பேட் தேய்ந்துகொண்டே ஓடும். ஆறு சிலிண்டர் ஹப்பில் நான்கு போல்ட், வி8-இல் ஐந்து. முன்னால் மட்டும் ஐந்தாக்கினால் ஸ்டெப்னி பாதிக் காருக்குத்தான் உதவும்.

பணம் கொடுக்குமுன் இன்னொன்று: முன்கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றுத் துவாரத்தில் ஒரு வாளித் தண்ணீரை மெல்ல ஊற்றிவிட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் கையை வைத்துப் பாருங்கள். கை நனைந்தால் கவுல் (அந்தத் துவாரத்துக்குக் கீழுள்ள தகரப் பெட்டி) துருப்பிடித்துப்போயிருக்கிறது. ஸ்பாட் வெல்டைத் துளைத்துத் திறக்க வேண்டிய வேலை அது, டிஸ்ட்ரிபியூட்டரைவிடப் பல மடங்கு பெரிது.