கியூஜிஐஎஸ்: மெனுவில் திறந்தால் ஒரு கோளாறு, டெர்மினலில் திறந்தால் இரண்டு

நிலவரை:
உபுண்டு, வேலேண்ட் (திரையில் சாளரங்களைக் காட்டும் அமைப்பு) செஷன், கியூஜிஐஎஸ் 3 (வரைபட மென்பொருள்). லேயர் பேனலைப் பிரித்து வெளியே எடுத்துவிட்டால் மறுபடி ஓரத்தில் ஒட்டவே மாட்டேன் என்கிறது. டெர்மினலில் திறந்தால் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது: ப்ராஜெக்‌ஷன் (உருண்டைப் பூமியைத் தட்டையாகக் காட்டும் முறை) பட்டியல் காலி. 3857 (இணைய வரைபடங்களில் வழக்கமான முறையின் எண்) என்று தேடினாலும் எதுவும் வருவதில்லை. நீக்கிவிட்டு மறுபடி நிறுவியும் பயனில்லை. கிராஃபிக்ஸ் டிரைவரை மாற்ற வேண்டுமா?

கோடும்புள்ளியும்:
டிரைவரைத் தொடாதீர்கள். இரண்டும் தனித்தனிச் சிக்கல்கள்.

பட்டியல் மெனுவில் சரியாக வந்து டெர்மினலில் மட்டும் காலி என்றால் எனக்குச் சந்தேகம் கொண்டா (பைத்தான் தொகுப்புகளை நிறுவித் தரும் கருவி) மேல்தான். ப்ராம்ப்ட்டுக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் பேஸ் என்று நிற்கிறதா? நின்றால் கொண்டா இயங்குகிறது. கொண்டா இயங்கத் தொடங்கும்போது ப்ராஜெக்ஷன் தரவு எங்கே இருக்கிறது என்று சொல்லும் ப்ராஜ் டேட்டா, ப்ராஜ் லிப் போன்ற மாறிகளைத் தன் கோப்புறைக்குத் திருப்பிவிடும். கியூஜிஐஎஸ்ஸும் அங்கே போய் வேறு பதிப்பின் தரவுத்தளத்தைத் திறந்து விழிக்கும். டேட்டா என்ற பெயர் ப்ராஜ் நூலகத்தின் 9.1 பதிப்பில் வந்தது, லிப் பழையது. இரண்டையும் அன்செட் செய்துவிட்டு அதே டெர்மினலில் திறந்து பாருங்கள். செட்டிங்ஸ், ஆப்ஷன்ஸ், சிஸ்டம் பக்கத்தின் அடியில் இப்போதைய மாறிகள் எல்லாம் தெரியும். சந்தேகம் வந்தால் நான் முதலில் பார்ப்பது அங்கேதான்.

பேனல் விவகாரம் வேலேண்டுடையது. அங்கே ஒரு நிரல் தன் சாளரம் திரையில் எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது; அதனால்தான் பேனல் ஓரத்தில் ஒட்டுவதில்லை. பழைய எக்ஸ்11 முறையில் ஓட, கியூடி கியூபிஏ பிளாட்ஃபார்ம் மாறிக்கு எக்ஸ்சிபி என்று கொடுங்கள் (பெரிய எழுத்து, நடுவில் அடிக்கோடு, மதிப்பு மட்டும் சிறிய எழுத்து).

நிலவரை:
பேஸ் நின்றது! அன்செட் செய்ததும் பட்டியல் வந்துவிட்டது. எக்ஸ்சிபி வரியை பாஷ்ஆர்சி (டெர்மினல் திறக்கும்போது படிக்கும்) கோப்பில் போட்டேன். டெர்மினலில் பேனல் ஒட்டுகிறது, மெனுவில் பழைய கதைதான்.

கோடும்புள்ளியும்:
மெனு பாஷ்ஆர்சியைப் படிப்பதில்லை. யூஎஸ்ஆர் ஷேர் அப்ளிகேஷன்ஸில் இருக்கும் கியூஜிஐஎஸ் டெஸ்க்டாப் கோப்பை உங்கள் ஹோமுக்குள் டாட் லோக்கல், ஷேர், அப்ளிகேஷன்ஸ் கோப்புறைக்கு நகலெடுங்கள். எக்ஸெக் வரியில் கட்டளைக்கு முன்னால் என்வ் என்று எழுதி, அதை அடுத்து அந்த மாறி. மூலக் கோப்பைத் திருத்த வேண்டாம், அடுத்த அப்டேட்டில் போய்விடும்.

சதுரக்கட்டம்:
அப்புறம் ஒன்று: திரை அளவை 125% போல வைத்திருந்தால் எக்ஸ்சிபியில் எழுத்து மங்கலாகத் தெரியலாம். அதற்காக கியூடி ஸ்கேல் ஃபேக்டர் என்று இன்னொரு மாறியைத் திணிக்காதீர்கள். திரையை 100%க்குக் கொண்டுவந்து, ஆப்ஷன்ஸில் எழுத்து அளவையும் ஐகான் அளவையும் கூட்டினால் போதும். ஐகானுக்கு 32 எனக்குச் சரியாக இருக்கிறது.